கவுன்சலிங் உங்களுக்கு செட் ஆகலையா? தப்பு உங்க மேல இல்லாமலும் இருக்கலாம்! - டாக்டர் ஃபனானின் கதை

ரொம்ப நாள் யோசிச்சு, தயங்கி, ஒருவழியா ஒரு கவுன்சலர் முன்னாடி போய் உட்கார்றீங்க. அவர் நல்லவர்தான். அக்கறையாத்தான் கேட்கிறார். ஆனா, அவர் சொல்ற எதுவும் உங்க வாழ்க்கையோட ஒட்டவே இல்லை. கொஞ்ச நாள் தனியா வீடு எடுத்துத் தங்கிப் பாருங்களேன் என்கிறார். உங்க சம்பளத்துலதான் வீட்டு வாடகை, தம்பி ஃபீஸ், அப்பா மாத்திரை எல்லாமே ஓடுதுன்னு அவருக்குத் தெரியாது. அதை எப்படிச் சொல்றதுன்னு உங்களுக்கும் தெரியலை. தலையை ஆட்டிட்டு வெளியே வர்றீங்க. அப்போ என்ன தோணும்? நமக்குத்தான் இதெல்லாம் சரிப்பட்டு வராதுபோலன்னுதானே?

இதே கேள்வி 70 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனநல மருத்துவமனையில் எழுந்தது. ஆனால், அங்கே அதைக் கேட்டவர் நோயாளி அல்ல, டாக்டர். தன்னுடைய சிகிச்சை நோயாளிகளுக்கு ஏன் ஒட்டவில்லை என்று யோசித்தவர், கடைசியில் தப்பு தன் பக்கம்தான் என்று கண்டுபிடித்தார். அதை ஒளித்துவைக்காமல் மருத்துவ இதழில் கட்டுரையாகவும் எழுதினார். அவர் பெயர் ஃபிரான்ஸ் ஃபனான்.

காலனி ஆதிக்கத்தை எதிர்த்த எழுத்தாளர், புரட்சிக்காரர் என்றுதான் பலருக்கும் இவரைத் தெரியும். டீ ஷர்ட்டில் இவர் முகத்தைக்கூட நீங்க பார்த்திருக்கலாம். ஆனால், அவருடைய தினசரி வேலை என்னவோ வார்டு ரவுண்ட்ஸ் போவதும், மனசு உடைந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதும்தான். 36 வயதிலேயே முடிந்துபோன அந்த வாழ்க்கையின் மருத்துவர் பக்கத்தைத்தான் இன்னிக்குப் பார்க்கப்போறோம்.

தீவிலிருந்து கிளம்பிய பையன்

கரீபியன் கடலில் மார்ட்டினிக் என்று ஒரு சின்னத் தீவு. அப்போது அது பிரான்ஸின் காலனி. அங்கே ஃபோர் தெ ஃபிரான்ஸ் நகரத்தில் 1925 ஜூலை 20 அன்று பிறந்தார் ஃபனான். அப்பா சுங்கத்துறையில் வேலை. அம்மா கடை நடத்தினார். வசதியான நடுத்தரக் குடும்பம், எட்டுப் பிள்ளைகள்.

இந்தத் தீவின் கறுப்பின மக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். ஆனால், பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பிரான்ஸின் வரலாறு, பிரான்ஸின் இலக்கியம். தெருவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியைப் படித்த குடும்பங்கள் மட்டமாக நினைத்தன. வீட்டுல ஒரு மொழி, மரியாதைக்கு இன்னொரு மொழி. இதை நமக்குப் புதுசா விளக்கணுமா என்ன?

ஃபனான் படித்த பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் கவிஞர் எமே செசேர். கறுப்பாக இருப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை என்று உரக்கச் சொன்ன முதல் தலைமுறைக் குரல்களில் ஒன்று அவருடையது. அது இந்தப் பையன் மனசில் ஆழமாகப் பதிந்தது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. பிரான்ஸை ஹிட்லர் படை பிடித்தது. 17 வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, பக்கத்துத் தீவான டொமினிக்கா வழியாக, ஹிட்லரை எதிர்த்த சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேரப் போனார் ஃபனான். மொராக்கோ, அல்ஜீரியா, பிரான்ஸ் என்று சுற்றினார். 1944 இறுதியில் அல்சாஸ் பகுதியில் காயம்பட்டார். வீரப் பதக்கமும் கிடைத்தது.

ஆனால், அந்த ராணுவத்துக்குள்ளேயே மனிதர்களை நிறம் பார்த்து அடுக்கிவைத்திருந்தார்கள். எந்த நாட்டின் சுதந்திரத்துக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தாரோ, அந்த நாட்டுக்குத் தான் முதலில் ஒரு கறுப்பன், அப்புறம்தான் மனிதன் என்பது அவருக்குப் புரிந்தது. கையில் பதக்கம் இருந்தும் மனசு வெறுத்துப்போய்தான் ஊர் திரும்பினார்.

உடம்பெல்லாம் வலிக்குது டாக்டர்

போரில் பங்கெடுத்தவர்களுக்குக் கிடைத்த கல்விச் சலுகையில் மறுபடியும் பிரான்ஸுக்குப் போன ஃபனான், லியோன் நகரத்தில் மருத்துவம் படித்தார். மனநல மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

நிறவெறி ஒருவரின் மனசுக்குள் புகுந்து என்ன செய்கிறது என்று ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். அதை டாக்டர் பட்டத்துக்கான ஆய்வாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று ஒரு பரம்பரை நரம்பு நோயைப் பற்றி வேறு ஆய்வு எழுதி, 1951-ல் பட்டம் வாங்கினார். நிராகரிக்கப்பட்ட அந்தப் பக்கங்கள்தான் 1952-ல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற புத்தகமாக வந்தன. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படும் புத்தகம் அது.

அதே 1952-ல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரைதான் நம் கதைக்கு முக்கியம். லியோனில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள் நிறைய பேர் இருந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, நெருக்கடியான அறைகளில் தங்கி வேலை பார்த்தவர்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். எங்கே வலிக்குது என்று டாக்டர் கேட்டால், எல்லா இடத்திலும் என்பார்கள். டெஸ்ட் எடுத்தால் எதுவும் இருக்காது. உடனே டாக்டர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: இந்த ஆட்களே இப்படித்தான், சோம்பேறிகள், லீவுக்காக நடிக்கிறார்கள். இதற்கு 'வட ஆப்பிரிக்க நோய்க்குறி' என்று கேலியாக ஒரு பெயரும் இருந்தது.

ஃபனான் இதைத் திருப்பிப் போட்டார். டெஸ்ட்டில் தெரியாத வலி, வலியே இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? இந்த மனிதருக்கு ஊர் இல்லை, மனைவி மக்கள் பக்கத்தில் இல்லை, நாளைக்கு வேலை இருக்குமா தெரியாது, தெருவில் நடந்தால் சந்தேகப் பார்வை. வலி உடம்பின் எந்த மூலையில் என்று தேடும் டாக்டர், இந்த வாழ்க்கையை ஏன் விசாரிக்கவில்லை? நோயாளி வருவதற்கு முன்னாலேயே அவரைப் பற்றிய முடிவு டாக்டரின் மண்டையில் தயாராக இருக்கிறது என்பதுதான் அவர் வைத்த குற்றச்சாட்டு.

கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்டுல அம்மாவோ பாட்டியோ உடம்பெல்லாம் ஒரே வலின்னு சொல்லும்போது, ரிப்போர்ட் நார்மல்தானே, அப்புறம் என்னன்னு நாமளே கேட்டிருக்கோமா இல்லையா? மனசுல இருக்கிற பாரத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காதபோது பலருக்கும் உடம்புதான் பேசும். இன்றைய மனநல மருத்துவம் இதை நன்றாகவே ஒப்புக்கொள்கிறது.

மருத்துவமனைக்கே சிகிச்சை

அடுத்து ஃபனான் போய்ச் சேர்ந்த இடம், தெற்கு பிரான்ஸின் மலைப்பகுதியில் இருந்த சான் அல்பான் மனநல மருத்துவமனை. அங்கே ஃபிரான்சுவா தொஸ்கெல் என்ற டாக்டர் இருந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பிலிருந்து தப்பி வந்த அகதி.

போர்க் காலத்தில் பிரான்ஸின் மனநல மருத்துவமனைகளில் பல்லாயிரம் நோயாளிகள் பட்டினியால் இறந்துபோனார்கள். சான் அல்பானில் நோயாளிகளும் ஊழியர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விவசாயம் பார்த்து, உணவு தேடிப் பிழைத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து தொஸ்கெல் ஒரு முறையை வளர்த்தார். நோயாளியைக் குணப்படுத்துவதற்கு முன்னால், மருத்துவமனையைக் குணப்படுத்த வேண்டும். நோயாளிகளே கூட்டம் நடத்தலாம், பத்திரிகை போடலாம், நாடகம் போடலாம், அன்றாட முடிவுகளில் பங்கெடுக்கலாம். பூட்டிவைத்த இடம் ஒரு சின்ன சமூகமாக மாறும்போது, மனிதர்கள் மெல்ல மெல்ல மற்றவர்களோடு வாழப் பழகுவார்கள். இதுதான் சாரம்.

ஃபனானுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்து கற்றுக்கொண்டார். இந்த முறையை எங்கே கொண்டுபோனாலும் வேலை செய்யும் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கைதான் அடுத்து உடையப்போகிறது.

165 பேர், 220 பேர்

1953 நவம்பர். அல்ஜீரியாவின் பிளிடா நகர மனநல மருத்துவமனையில் ஒரு பிரிவின் தலைமை டாக்டராகப் பொறுப்பேற்றார் ஃபனான். அப்போது அவருக்கு வயது 28.

அல்ஜீரியாவும் பிரான்ஸின் பிடியில்தான் இருந்தது. மருத்துவமனையிலும் ஐரோப்பியர்களுக்குத் தனி வார்டு, முஸ்லிம்களுக்குத் தனி வார்டு. அங்கே ஆதிக்கம் செலுத்திய 'அல்ஜியர்ஸ் பள்ளி' என்ற மருத்துவர் கூட்டம் ஒரு கொள்கையை மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியது. அல்ஜீரிய முஸ்லிம்கள் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்தவர்கள், முரடர்கள் என்பதுதான் அந்தக் கொள்கை. இது ஏதோ ஓர் ஊரின் கிறுக்குத்தனம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக கரோத்தர்ஸ் என்ற டாக்டர் எழுதி 1953-ல் வெளியான நூலிலேயே, ஆப்பிரிக்கர்கள் மூளையின் முன்பகுதியைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்ற தொனியில் எழுதப்பட்டிருந்தது.

ஃபனான் பொறுப்பில் இரண்டு பிரிவுகள் வந்தன. ஐரோப்பியப் பெண்கள் 165 பேர். முஸ்லிம் ஆண்கள் 220 பேர்.

சான் அல்பானில் கற்றதை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஆரம்பித்தார். வாராந்தரக் கூட்டம், கொண்டாட்டக் குழு, சினிமா, பாட்டு, பத்திரிகை, கைவேலை என எல்லாமே உண்டு.

பெண்கள் வார்டில் சீக்கிரமே மாற்றம் தெரிந்தது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கு அவர்களே தயாரானார்கள், பத்திரிகைக்கு எழுதினார்கள், தையலும் பின்னலும் ஓடின. வார்டின் முகமே மாறியது.

ஆண்கள் வார்டில்? ஒன்றுமே நடக்கவில்லை.

கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வரவில்லை. வந்தாலும் பேசவில்லை. பாட்டுக் குழு அமையவில்லை. நாடகம் என்றால் யாரும் முன்வரவில்லை. கூடை பின்னச் சொன்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதம் போனது, இரண்டு போனது, மூன்றும் போனது. எந்த அசைவும் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு டாக்டராக இருந்தால் என்ன செய்திருப்பார்? பதில் கையிலேயே தயாராக இருந்தது. அல்ஜியர்ஸ் பள்ளி சொன்னது சரிதான், இவர்கள் அப்படித்தான், இவர்களுக்கு இதெல்லாம் ஏறாது. இரண்டு வார்டின் ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்கு ஆதாரம் மாதிரியே தெரியும். அதே டாக்டர், அதே சிகிச்சை. ஒரு இடத்தில் பலன், இன்னொரு இடத்தில் பூஜ்யம்.

ஃபனான் அந்த வழியில் போகவில்லை.

தப்பு எங்கே?

தன்னோடு வேலை பார்த்த இளம் டாக்டர் ஜாக் அசூலேவோடு சேர்ந்து, தோற்றுப்போன ஒவ்வொரு விஷயத்தையும் எடுத்து ஆராய்ந்தார். பதில்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. படிச்சா ரொம்ப எளிமையா இருக்கும். ஆனா, அதுவரைக்கும் யாருமே கேட்காத கேள்விகள் அவை.

பத்திரிகை ஏன் ஓடவில்லை? அந்த வார்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். கேட்டும் சொல்லியும் பழகிய மக்களிடம் எழுதக் கேட்டால் எப்படி?

கூடை ஏன் பின்னவில்லை? அவர்கள் ஊரில் அது பெண்களின் வேலை. அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், கூலிகள். மண்வெட்டி கொடுத்திருந்தால் கேட்காமலேயே வேலையை ஆரம்பித்திருப்பார்கள்.

பாட்டும் நாடகமும்? அந்தச் சமூகத்தில் பாடுவதும் கதை சொல்வதும் ஊர் ஊராகப் போகும் கலைஞர்களின் தொழில். குடும்பத்து ஆண் நாலு பேர் முன் ஆடிப்பாடுவது கௌரவக் குறைச்சல்.

கொண்டாட்டம்? அவர்களுக்குத் திருவிழா என்றால் அது மதத்தோடும் குடும்பத்தோடும் பின்னிக்கிடப்பது. யாரோ தேதி குறித்து வைக்கும் பார்ட்டியில் அவர்களுக்கு என்ன வேலை?

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் மொழி. ஃபனானுக்கு அரபு தெரியாது. அங்கே பலர் பேசிய கபில் மொழியும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேசினார். அந்த மக்கள் அதுவரை மொழிபெயர்ப்பாளரை எங்கே பார்த்திருப்பார்கள்? கோர்ட்டில், போலீஸ் முன்னால், அரசு அதிகாரி முன்னால். இப்போது ஒரு டாக்டர் அதே மாதிரி ஆள் வைத்துக் கேள்வி கேட்டால், அது சிகிச்சை மாதிரி இருக்குமா, விசாரணை மாதிரி இருக்குமா?

இங்கேதான் ஃபனான் தன்னையே கண்ணாடியில் பார்த்தார். மார்ட்டினிக் பள்ளியில் தனக்கு என்ன நடந்ததோ, அதையே இப்போது தான் இவர்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. ஐரோப்பாவுக்குப் பொருந்திய சட்டையை எடுத்துவந்து, இது உனக்கும் பொருந்தித்தான் ஆகணும், பொருந்தாவிட்டால் உன் உடம்பில்தான் கோளாறு என்று சொல்வது. நிறவெறியைப் பற்றிப் புத்தகம் எழுதிய கறுப்பின டாக்டரே இதைச் செய்திருக்கிறார் என்றால், நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

1954-ல் அசூலேவும் அவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். முஸ்லிம் ஆண்கள் வார்டில் தாங்கள் செய்த தப்புகளை வரிசையாக எழுதினார்கள். வெற்றிக் கதைகளை மட்டுமே போஸ்ட் செய்கிற நம்ம காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

வார்டுக்குள் ஒரு காபிக்கடை

பிறகு மாற்றங்கள் தொடங்கின. அல்ஜீரிய ஆண்கள் வழக்கமாக எங்கே கூடுவார்கள்? காபிக்கடையில். அப்படியானால் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு காபிக்கடை திறப்போம். ரம்ஜான் உள்ளிட்ட அவர்களுடைய பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. வெளியிலிருந்து கதைசொல்லி வரவழைக்கப்பட்டார். தொழுகைக்கு இமாம் வந்தார். தோட்ட வேலைக்கு நிலம் கிடைத்தது. ஃபுட்பால் மைதானமும் வந்தது.

மூன்று மாதம் பேசாதவர்கள், காபிக் கோப்பையைச் சுற்றி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். மருந்து மாறவில்லை, மூளை மாறவில்லை. இடம்தான் மாறியது.

ஃபனான் இதோடு நிற்கவில்லை. கிராமங்களுக்குப் போய், மனநோயை இந்த மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று விசாரித்தார். ஜின் என்ற கண்ணுக்குத் தெரியாத சக்தி பிடித்திருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். ஆனால், இன்னொரு டாக்டரோடு சேர்ந்து 1956-ல் அவர் எழுதிய கட்டுரை வேறு ஒரு பக்கத்தையும் காட்டியது. அந்த நம்பிக்கையால், பாதிக்கப்பட்டவர் செய்ததற்கு அவரையே யாரும் பழிப்பதில்லை. குணமானதும் குடும்பம் அவரைப் பழைய மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறது. நோய்க்கான காரணத்தில் டாக்டர் உடன்பட வேண்டியதில்லை. ஆனால், நோயாளிக்குக் கிடைக்கும் அந்த மரியாதையை நவீன மருத்துவமனை கற்றுக்கொள்ளலாம். ஃபனான் மருந்தையும் விடவில்லை, மரியாதையையும் விடவில்லை.

வெள்ளை அட்டை சொன்ன கதை

இன்னொரு சம்பவமும் உண்டு. சைக்காலஜியில் டி.ஏ.டி என்று ஒரு டெஸ்ட். சில படங்களைக் காட்டி, இதைவைத்து ஒரு கதை சொல்லுங்க என்பார்கள். சொல்லும் கதையிலிருந்து மனசில் ஓடுவதைப் புரிந்துகொள்ள முயல்வார்கள். 1930-களில் அமெரிக்காவில் உருவானது.

ஃபனானும் அவருடைய சக டாக்டர் ஷெரோனிமியும் இதை அல்ஜீரிய முஸ்லிம் பெண்களிடம் செய்து பார்த்தார்கள். பெண்கள் தடுமாறினார்கள். படத்தில் இருப்பதை ஒவ்வொரு பொருளாகச் சொன்னார்களே தவிர, கதை வரவில்லை. காரணம் எளிது. படத்தில் இருந்த அறை, உடை, மேஜை, மனிதர்கள் எல்லாமே அவர்கள் வாழ்ந்திராத ஓர் உலகம்.

அந்த டெஸ்ட்டில் ஒரே ஒரு அட்டை மட்டும் எதுவும் வரையப்படாமல் வெறும் வெள்ளையாக இருக்கும். அதைக் கையில் கொடுத்ததும் அதே பெண்கள் விதவிதமான கதைகளை வளமாகச் சொன்னார்கள்! அடுத்தவர் உலகம் குறுக்கே நிற்காதபோது அவர்களுடைய கற்பனைக்கு எந்தக் குறையும் இல்லை. டெஸ்ட்டில் ஃபெயிலானது யார், அந்தப் பெண்களா, டெஸ்ட்டா? 1956-ல் இந்த முடிவையும் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அடித்தவரும் அடிபட்டவரும்

1954 நவம்பர் 1 அன்று அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. ஃபனானின் கிளினிக்குக்கு வருபவர்கள் மாறினார்கள். சித்திரவதைக்கு ஆளானவர்கள் வந்தார்கள். சித்திரவதை செய்த போலீஸ்காரர்களும் வந்தார்கள்.

ஒரு ஐரோப்பிய போலீஸ்காரருக்கு வீட்டில் இருக்கும்போதும் அலறல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னலை மூடினார், காதில் பஞ்சு வைத்தார், நிற்கவில்லை. ஃபனானிடம் சிகிச்சைக்கு வந்தார். ஒருநாள் மருத்துவமனை வளாகத்திலேயே, தான் விசாரித்த ஒருவரை எதிரில் பார்த்துவிட்டார். அந்த மனிதரும் அங்கே சிகிச்சை பெறுபவர்தான். போலீஸ்காரர் நடுங்கி வியர்த்துப்போனார். அந்த நோயாளியோ, தன்னைத் திரும்பப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று பயந்து ஒளிந்துகொண்டார். அவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சமாதானப்படுத்த ரொம்ப நேரம் ஆனது.

வேறொரு போலீஸ் அதிகாரி வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது விசித்திரமானது. வேலையை விட முடியாது. மனசு உறுத்தாமல் சித்திரவதை செய்ய உதவுங்கள் என்றார்!

இங்கே கவுன்சலிங் என்ன செய்யும்? ஒருவரை அவருடைய சூழலோடு ஒத்துப்போகவைப்பதுதான் மனநல சிகிச்சை என்றால், சூழலே நோயாக இருக்கும்போது எதோடு ஒத்துப்போவது? சொந்த மண்ணிலேயே அந்நியனாக நடத்தப்படும் ஒருவரிடம், மனசைச் சரிபண்ணிக்கோ என்று சொல்வது நியாயமா?

இந்தக் கேள்வி ஃபனானை விடவில்லை. ரகசியமாக விடுதலை இயக்கத்துக்கு உதவ ஆரம்பித்திருந்தார். 1956 இறுதியில், இந்த நிலைமையில் தன்னால் டாக்டராகத் தொடர முடியாது என்று காரணங்களோடு ராஜினாமா கடிதம் எழுதினார். 1957 தொடக்கத்தில் அல்ஜீரியாவைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்

அடுத்து துனிசியா. விடுதலை இயக்கத்தின் பத்திரிகையில் எழுதிக்கொண்டே, மருத்துவத்தையும் விடவில்லை. துனிஸ் நகரின் ஷார்ல் நிக்கோல் பொது மருத்துவமனையில் பகல் நேர மனநலப் பிரிவு ஒன்றை நடத்தினார். ஆப்பிரிக்காவின் ஆரம்பகால முயற்சிகளில் அதுவும் ஒன்று. நோயாளி காலையில் வருவார், சிகிச்சை எடுத்துக்கொள்வார், சாயங்காலம் வீட்டுக்குப் போவார்.

இதில் என்ன விசேஷம்? பூட்டிவைத்த இடத்தில் வீட்டுப் பிரச்னை எதுவும் தெரியாது. இங்கே நோயாளி தினமும் வீட்டுக்குப் போய் அதே மாமியார், அதே கடன், அதே வேலை என எல்லாவற்றையும் சந்தித்துவிட்டு மறுநாள் வருகிறார். பிரச்னை உயிரோடு கண் முன்னால் இருக்கிறது, அதைப் பேசலாம்.

இதைப் பற்றி 1959-ல் எழுதும்போது தன்னுடைய பழைய வேலையை மறுபடியும் விமர்சித்தார். மருத்துவமனைக்குள் எவ்வளவுதான் அழகான சமூகத்தைக் கட்டினாலும், அது உண்மையான சமூகம் ஆகாது என்றார். பிளிடாவில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த முறையையே தாண்டிப் போனார்.

கடைசி வருடம்

1960-ல் அல்ஜீரியத் தற்காலிக அரசின் தூதராக கானாவுக்குப் போனார். அந்த வருட இறுதியில் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. நேரம் குறைவு என்று தெரிந்தவர், 1961-ல் சில மாதங்களில் தன் கடைசிப் புத்தகத்தை முடித்தார். 'பூமியின் சபிக்கப்பட்டவர்கள்' என்று பொருள் தரும் அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் வன்முறையைப் பற்றியது. விடுதலைக்கு வன்முறை தேவை என்ற அவருடைய வாதம் அன்றும் இன்றும் கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. அதே புத்தகத்தின் கடைசிப் பகுதியில் அவருடைய நோயாளிகள் இருக்கிறார்கள். மேலே படித்த போலீஸ்காரர்களின் கதையெல்லாம் அங்கேதான் வருகிறது. வன்முறையை நியாயப்படுத்தியவரே, அது இரு தரப்பு மனசையும் எப்படிச் சிதைக்கிறது என்றும் பதிவு செய்திருக்கிறார்.

ஃபனானைப் புனிதராக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து டாக்டர்களைப் போலவே மின்னதிர்ச்சி, இன்சுலின் சிகிச்சைகளையும் அவர் பயன்படுத்தினார். பெண்களைப் பற்றி அவர் எழுதிய சில பகுதிகளுக்கும் நிறைய எதிர்ப்பு உண்டு.

1961 டிசம்பர் 6. அமெரிக்காவில் பெதஸ்டா மருத்துவமனையில் இப்ராஹிம் ஃபனான் என்ற பெயரில் சிகிச்சை பெற்றுவந்தவர் இறந்துபோனார். உடல் துனிசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, எல்லை தாண்டி அல்ஜீரிய மண்ணில் புதைக்கப்பட்டது. ஏழு மாதம் கழித்து, 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. அவர் தோற்று, கற்று, மாறிய பிளிடா மருத்துவமனை இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

சரி, இதுல நமக்கு என்ன?

அன்றைக்கு ஃபனான் கேட்ட கேள்விகள் இன்று பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. 2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், நோயாளியின் பின்னணியைப் புரிந்துகொள்ள 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் முறையே இருக்கிறது. உங்க பிரச்னையை நீங்க எப்படிச் சொல்வீங்க? இது எதனால வந்ததுன்னு நினைக்கிறீங்க? வீட்டுல என்ன சொல்றாங்க? உங்களுக்கு எது தெம்பு கொடுக்குது? இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பார்த்தீங்க? இப்படிப் போகும் கேள்விகள். நல்ல கவுன்சலர் தீர்வு சொல்வதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்பார்.

கேட்கவில்லை என்றால்? நீங்களே சொல்லலாம். என் வீட்டு நிலைமை இது, நான் இன்ன ஊர், என் சாதி, மதம், பாலினம், வேலை காரணமா எனக்கு இந்த இந்தப் பிரச்னை இருக்கு, நீங்க சொன்ன வழி எனக்கு ஏன் ஒத்துவராதுன்னா இதனாலதான் என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். இங்கிலீஷில் அழ வரவில்லை என்றால், தமிழில் பேசலாமா என்று கேளுங்க. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஒன்று மட்டும் கவனம். முதல் செஷன் கஷ்டமாக இருந்தது என்பதற்காக உடனே ஓடிவர வேண்டாம். சில கேள்விகள் வலிக்கத்தான் செய்யும். ஆனால், நீங்க எவ்வளவு விளக்கிச் சொன்ன பிறகும் ஒருவர் உங்க வாழ்க்கையைக் கேட்காமல் ரெடிமேட் பதிலையே நீட்டினால், வேறு ஒருவரைத் தேடலாம். தேடுவதை மட்டும் நிறுத்தாதீங்க.

மூன்று மாதம் வாய் திறக்காத அந்த 220 பேரிடம் எந்தக் கோளாறும் இல்லை. அவர்கள் உட்கார்ந்து பேச ஒரு காபிக்கடை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கான காபிக்கடை எது என்று உங்க கவுன்சலரிடம் சொல்லுங்க. கேட்கத் தெரிந்தவர் கண்டிப்பாகக் கேட்பார்.